ஏழு ஆண்டுகளுக்கு ஒரு வரி

திரையில் விரிந்ததைப் படித்த அர்ச்சனா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். வில்லியனூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அவளிடம், பயோடேட்டா தயார், பிரிண்ட் போட்டால் போதும் என்று பென் டிரைவை நீட்டியவன் ஜான் பீட்டர். வேலைக்கு விண்ணப்பிப்பவள் அருகில் நின்ற அவன் மனைவி சகாயராணி. பயோடேட்டா என்றால் அவன் அறிந்தது ஒன்றுதான்: பெண் பார்க்கப் போனபோது பங்குக் கோயிலில் அவனிடம் கொடுத்த அவளுடைய கல்யாண பயோடேட்டா. அதில் வயதை மட்டும் திருத்தியிருந்தான். உச்சியில் சிலுவை, நடுவில் நிறமும் உயரமும், அடியில், "எதிர்பார்ப்பு: குடிப்பழக்கம் இல்லாதவர்."

"மேனேஜரு குடிக்கிறவரா இருந்தா இன்னாண்ணா பண்றது?" என்றாள் அர்ச்சனா.

சகாயராணிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. அது அடங்கியதும் அச்சம் வந்து அமர்ந்தது. சேதராப்பட்டில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கம்பெனி, தரம் பார்க்க ஆள் எடுக்கிறது. இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். திருமணத்துக்கு முன் அவள் செய்ததும் அதே வேலைதான். பிறகு ஏழு ஆண்டுகள் வெற்றிடம். வெற்றிடமா அது? படுக்கையில் விழுந்த மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்த கைகள், வேளை தவறாமல் மருந்து கொடுத்த கைகள், இடையே ஒரு பிள்ளையையும் தூக்கி வளர்த்த கைகள்! சம்பளம் வராத உழைப்பை ஒன்றுமில்லை என்று சொல்ல உலகம் பழகியிருந்தது, அவளும் பழகியிருந்தாள்.

அர்ச்சனா இரண்டு மாதிரிகளைக் காட்டினாள். ஒன்று ஆண்டு வாரியாக எழுதுவது. இடைவெளி பளிச்சென்று தெரியும். மற்றொன்று திறமைகளை மேலே நிரப்பி, ஆண்டுகளைக் கண்ணில் படாமல் அடியில் ஒதுக்குவது. இரண்டாவதுதான் பத்திரம் என்றான் ஜான் பீட்டர். அது அழகாகத்தான் இருந்தது. கிழிசலின் மேல் பூப்போட்ட ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாற்போன்ற அழகு. சகாயராணி நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

"மறைக்கிறதுக்கு நா இன்னா ஜெயில்லயா இருந்தேன்? வருசத்தப் போடு பாப்பா."

"போட்டுர்லாங்கா. அந்த ஏழு வருசத்துக்கு நேரா இன்னா எழுதறது? ஹவுஸ் ஒய்ஃபுன்னா அப்டியே ஓரமா வச்சிருவாங்க."

ஜான் பீட்டர் செருமிக்கொண்டான்.

"எங்கம்மாவப் பாத்துக்கினான்னு போடு. இவ வூட்ல இருந்ததாலதான் நா நைட் ஷிப்ட்டு போனேன். கம்பெனிக்காரன் கேட்டான்னா எனக்கு போன் போடச் சொல்லு. ரெஃபரன்ஸ்ல எம்பேர எழுது."

"புருசன் பேரெல்லாம் ரெஃபரன்ஸ்ல போடக் கூடாதுண்ணா."

"ஏன், எனக்குத் தெரியாததா மத்தவங்களுக்குத் தெரியப் போவுது?"

சகாயராணி அவன் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு நேராக, மாமியாரைப் பார்த்துக்கொண்ட அந்த வரி ஆங்கிலத்தில் ஏறியது. மின்னஞ்சல் போயிற்று. இந்த வரியைப் படித்து அழைப்பார்களோ, இதற்காகவே ஒதுக்குவார்களோ, எவர் கண்டார்?

நேரில் அழைத்தால் கொண்டுபோக ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டார்கள். உறை வாங்கத் தோன்றவில்லை. பைக்கின் பின்னால் அமர்ந்தவள், தாள் கசங்கிவிடாமல் இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. அதை உணர்ந்தவன் போல் அவன் வேகத்தைக் குறைத்தான், மேலும் குறைத்தான். பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.