ஏழு மணிக்குப் பிறகு கதைத்தவை

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எந்த இடத்தில் பிழைவிட்டேன் என்பது தெரியுமா, அதுவும் நிச்சயமில்லை.

எங்கள் மனிதவள முகாமைத்துவ வகுப்பு செவ்வாயும் வியாழனும் ஐந்தரை முதல் ஏழு வரை இணையத்தில் நடக்கும். மாணவர்கள் எட்டுப் பேர். வராதவர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது என் பொறுப்பு. வேலை முடிந்து கந்தோரால் வந்து அதையும் எழுதக் களைப்பாக இருந்தது. பேசுவதை எழுதிச் சுருக்கித் தரும் ஏஐ கருவி ஒன்றை வகுப்பில் சேர்த்தேன்.

சேர்த்த அன்று, "ஆருக்கும் பிரச்சினை இருக்கோ?" என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சோமசேகரம் சேர் படிப்பிக்கும்போது எல்லோரும் மைக்கை மூடிவைப்பதுதான் வழக்கம். நான் கொப்பியில் "எல்லோரும் ஓம்" என்று எழுதிக்கொண்டேன்.

சேர் ஏழு மணிக்குப் போய்விடுவார். நாங்கள் கொஞ்சநேரம் நின்று கதைப்போம். போன வியாழன் நீர்வேலித் தர்சினி தன் கல்யாணப் பேச்சைச் சொன்னாள். கனடாவில் இருக்கும் அவள் அண்ணன் அங்கேயே ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். சாதகமும் பொருந்திவிட்டது.

"எனக்கு விருப்பமில்லை. பொங்கலுக்கு அண்ணை வாறார். நேரிலைதான் சொல்லவேணும்."

"அழாமச் சொல்லு," என்றான் ஜெயரூபன். "சந்தோசத்திலை அழுறாயெண்டு நாள் வைச்சுப்போடுவினம்."

எல்லோரும் சிரித்தோம். கருவி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டியவள் நான்.

நாங்கள் கதைத்து முடித்து இணைப்பை விட்டதும் சுருக்கம் எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் தானாகப் போயிற்று. எங்கள் பேச்சில் பாதியைப் பிழையாக எழுதும் கருவி, இதை மட்டும் சரியாக எழுதியிருந்தது. அடியில் ஒரு பட்டியலும் இருந்தது: "செய்யவேண்டியது: மாப்பிள்ளையை மறுத்தல். பொறுப்பு: தர்சினி. காலம்: பொங்கல்."

தர்சினி வகுப்புக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சல், அண்ணன் போன் வாங்கி அனுப்பியபோது அவரே திறந்து கொடுத்தது. அவருடைய போனிலும் அது வரும். எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை அவள் போன் எடுத்து, அண்ணன் சுருக்கத்தை வாசித்துவிட்டதைச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.

"அவர் ஏசேல்லையடி, கேதீஸ். 'வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாய், எனக்குச் சொல்லேல்லை' எண்டு மட்டும் சொன்னவர். பொங்கலுக்கும் வரேல்லையாம்."

"நான் அவரோடை கதைக்கட்டோ?"

"வேண்டாம். நீ இனி ஒண்டும் செய்யாதை."

செவ்வாய் வகுப்பில் மைக்கைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்டேன். ஆறு பேர் ஓம் என்றார்கள். தர்சினி, "எனக்கு வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எல்லோரையும் கேட்க இரண்டு நிமிடம்தான் எடுத்தது.

கருவியை எடுத்துவிட்டுக் கையால் எழுதினேன். ஏழு மணிக்குச் சேர் போனார். கதைக்க ஒருவரும் நிற்கவில்லை.