வைக்கோல் தின்ற மூளி

கோழி வைக்கோல் தின்னுமா என்று அண்ணி கேட்டபோது, "மாடாகணும்னு ஆசை வந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்த வீட்டில் நான் சிரித்தால் அதன் பின்னாலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும்.

"சிரிக்கிறதுக்கா சொன்னேன்? கூட்டுல பரப்புன வைக்கோல்ல பாதிகூட இல்ல. போடுற தீனியெல்லாம் என்னதான் ஆகுது?"

"அண்ணன் அளந்து குடுக்கறதை அப்படியே கொட்டறேன் அண்ணி. நானா எடுத்துத் திங்கறேன்?"

கடைசி வாக்கியம் வேண்டாததுதான். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும். அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களையே நாளெல்லாம் பார்த்துப் பழகியவள். முனகாதவர்களுக்கும் வலிக்கும் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை.

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். "நம்ம வீடுதானே, வா" என்று அண்ணன்தான் கூப்பிட்டான். சின்ன வயதிலிருந்து அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே அது 'நீங்க' ஆகிவிட்டது. மாற்றிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. என் பாய் இருந்த இடமும், என் துணி காய்ந்த இடமும் சொல்லின.

கொல்லையில் இருந்த கோழிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு ஆயிற்று. அதை நான் இறுக்கப் பிடித்துக்கொண்டேன். கோழி இருக்கும்வரை, முட்டை வரும்வரை, இவள் எதற்கு இங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்க முடியாது. அதனால்தான் வைக்கோல் விஷயத்தை என்னால் அப்படியே விட முடியவில்லை.

ஐந்து கோழிகள். எல்லாவற்றுக்கும் நானே பெயர் வைத்திருந்தேன். பெருத்த கறுப்பு, மகாராணி. நாளெல்லாம் கொக்கரிப்பது, வாயாடி. அப்புறம் ஒரு செவலை, ஒரு சாம்பல். கடைசியில் மூளி. அதற்கு வால் இறகு இல்லை. கொண்டையும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பார்க்கச் சகிக்காது என்று அண்ணி சொல்லுவாள். சகிக்காதுதான். ஆனால் நான் கூட்டுக்குள் போனால் என் காலோடு வந்து நிற்கிற கோழி அது ஒன்றுதான்.

வைக்கோலை மாற்றி மரச்சீவல் பரப்பிப் பார்த்தேன். சீவலும் குறைந்தது. பொழுது போகாமல் தின்கின்றனவோ என்று ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மகாராணி அதன் கீழே போய் நின்றுகொண்டாள், வேறு யாரும் கிட்டே வரவில்லை. செரிக்கட்டும் என்று குறுமணல் கொட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சீவலுக்கு வைக்கோலே தேவலை என்று மறுபடியும் வைக்கோலுக்கே வந்தேன்.

"அளவுல குறை இல்ல" என்றான் அண்ணன். தினமும் காலையில் டிப்போவுக்குப் போகுமுன் அவன் கையால்தான் தீனி அளப்பான். தலை தட்டி அளப்பான். பஸ் டிப்போவில் டைம் கீப்பர் அவன். எந்தப் பஸ் எப்போது வெளியே போனது, எப்போது திரும்பியது என்று குறித்துவிட்டால் அவன் வேலை முடிந்தது. பஸ்ஸுக்குள் யார் உட்கார்ந்து வந்தார்கள், யார் நின்றுகொண்டே வந்தார்கள் என்பது அவனுக்கு வேண்டாத சங்கதி.

பிறகு சாம்பல் செத்துப்போனது. முதல் நாள் கழுத்தைக் கோணிக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் மூலையில் விறைத்துக் கிடந்தது. காரணம் தெரியாமல் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. கொல்லைக் குழாயடியில் வைத்து அறுத்துப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையில் வைக்கோல் சுருண்டு, நனைந்த கயிற்றுப் பந்து மாதிரி அடைத்திருந்தது. ஒரு மணி தீனிகூட அதில் இல்லை. தினமும் தீனி கொட்டியவள் நான். இது பட்டினி கிடந்து செத்திருக்கிறது.

அண்ணி வந்து பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு போச்சு. இன்னும் ஒண்ணு போனா மொத்தத்தையும் கறிக்கடைக்காரர்ட்ட குடுத்துடலாம். ஒரு கோழியக்கூடப் பாத்துக்க முடியலன்னா எதுக்கு வச்சிருக்கணும்?"

கோழியை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்று எல்லோரும் கிளம்பிப் போனபிறகு, அன்றைய தீனியைக் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கூட்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன். பாத்திரம் கிடந்தது, துணி ஊறிக்கொண்டிருந்தது. எதையும் தொடவில்லை. இத்தனை நாளும் தீனியைக் கொட்டியதும் நான் திரும்பி வந்துவிடுவேன். யார் தின்கிறார்கள் என்று நின்று பார்த்ததே இல்லை. அண்ணனைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன?

தீனித் தொட்டி ஒன்றுதான். அது ஒரு மூலையில் இருந்தது. மகாராணி அதன் முன்னால் நின்றாள். பக்கத்தில் வாயாடி, அவள் இடுப்பை ஒட்டிச் செவலை. மூளி பின்னாலிருந்து வந்தாள். சண்டை நடக்கும், கொத்துவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. மகாராணி தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். மூளி அப்படியே நின்றாள். பிறகு, தான் வந்ததே இதற்குத்தான் என்பதுபோல, கீழே குனிந்து வைக்கோலைக் கொத்தத் தொடங்கினாள்.

அந்தக் குனிவு எனக்குத் தெரியும். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு இப்பப் பசிக்கல அண்ணி, நீங்க சாப்பிடுங்க" என்று நான் சொல்லும்போது, கையில் கிடைத்த துணியால் துடைக்கத் தேவையில்லாத மேடையைத் துடைப்பேனே, அதே குனிவு. கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கோழியைப் பார்த்து அழுகிறாள் என்று யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் மூவரும் மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். நாலாவது நாற்காலியில் மகளின் பள்ளிப் பை உட்கார்ந்திருக்கும். நான் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. நான் பரிமாறிவிட்டு, பிறகு அடுக்களையில் என் தட்டில் போட்டுக்கொள்வேன்.

அது ஓர் எனாமல் தட்டு. நீல விளிம்பு. சின்ன வயதில் எனக்கா உனக்கா என்று சண்டை போட்டு அண்ணன் அதை விட்டெறிந்தான். விளிம்பில் நகக்கண் அளவு பெயர்ந்து கறுத்துப்போனது. அம்மா இரண்டு பேரையும் அடித்துவிட்டு, அதே தட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டாள். கல்யாணமாகிப் போனபோது கூடவே கொண்டுபோனேன். திரும்பி வந்தபோது கூடவே வந்தது.

"கோழி ஏன் வைக்கோல் திங்குதுன்னு பாத்துட்டேன்" என்றேன், கரண்டியைக் கையில் பிடித்தபடி. "தீனி பத்தாம இல்ல. அந்தப் பெருத்த கறுப்பு மூளியத் தொட்டிகிட்ட விடறதில்ல. சாம்பலையும் விட்டிருக்காது. தள்ளி நிக்கிறதுதான் வைக்கோலத் திங்குது."

"அடிச்சு விரட்டுதா?" என்றான் அண்ணன்.

"அடிக்கவெல்லாம் இல்லண்ணா. திரும்பிப் பாத்தா போதும். அதுவே ஒதுங்கிடுது."

அண்ணன் மென்றுகொண்டே யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அப்ப சுலபம். தொட்டிக்கு மூணுதான் கணக்கு. ஒண்ணு ஜாஸ்தி. அதக் குறைச்சுட்டா சரியாயிடும்."

"அந்த மூளியத்தான?" என்றாள் அண்ணி. "முட்டையும் ஒழுங்கா வைக்கிறதில்ல. இப்படியே வைக்கோலத் தின்னுட்டிருந்தா வாரக் கடைசில கடைக்காரர வரச் சொல்லிடலாம்."

அவர்கள் கோழியைப் பற்றித்தான் பேசினார்கள். என்னைக் குத்திக்காட்டும் எண்ணம் இரண்டு பேருக்குமே இல்லை. என்னை நினைத்துச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. நான் அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

மறுநாள் அண்ணன் அளந்து கொடுத்த தீனியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இன்னொரு பாத்திரம் வேண்டும். அடுக்களையில் இருப்பதெல்லாம் அண்ணியுடையது, ஒரு கிண்ணம் இடம் மாறினாலும் கேட்பாள். கேட்காமல் எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாதித் தீனியைத் தொட்டியில் கொட்டினேன். மீதியை என் எனாமல் தட்டில் போட்டு, எதிர்மூலையில் வைத்து, நடுவில் ஒரு பலகையைச் சாய்த்து நிறுத்தினேன். மகாராணி திரும்பிப் பார்த்தாலும் தெரியக் கூடாது.

மூளி தட்டை நம்பவில்லை. முதலில் சுற்றி வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன். ஒரு மணியைக் கொத்திவிட்டுப் பின்வாங்கினாள். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் தின்ற வேகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் வைக்கோல் போட்டது போட்டபடி கிடந்தது. நான் பானை மூடியைக் கவிழ்த்து அதில் சாப்பிட்டேன். விளிம்பு இல்லாத மூடி, சோறு ஓரத்தில் வழியும். வழிந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வேன். அடுக்களைக்குள் வந்து போகிறவர்கள் மூன்று பேர். உன் தட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாரக் கடைசியில், கறிக்கடைக்காரரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று பார்க்க அண்ணன் கொல்லைக்கு வந்தான். கூட்டுக்குள் தலையை நீட்டினான். வைக்கோலைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். மூளி தட்டில் தின்றுகொண்டிருந்தாள். நீல விளிம்பு, அதில் அந்தக் கறுத்த பெயர்வு, அவன் கண்ணுக்கு நேராக இருந்தது.

"நல்ல யோசனை" என்றான். "இந்தப் பழைய தட்ட எங்க புடிச்ச?"

"உள்ளதான் கெடந்துச்சு."

"பரவால்ல, கோழிக்கு ஆச்சு. கடைக்காரர் வேணாம்னு சொல்லிடறேன்." கையைத் தட்டிக்கொண்டு திரும்பியவன், தினமும் கேட்பதுபோல, "சாப்ட்டியா?" என்றான்.

ஆச்சுண்ணா என்பேன் தினமும். அன்று என் வாய் வழக்கம்போல எனக்கு முன்னால் போய் நின்றது.

"இல்ல."

"சரி சரி" என்றான் அண்ணன். "கூட்ட நல்லா சாத்திட்டு வா."

அவன் உள்ளே போனான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் கூட்டுக்கு எதிரில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மூளி என் தட்டில் கடைசி மணிகளைக் கொத்திக்கொண்டிருந்தாள்.