மூன்றாவது காப்பி

எங்கள் மலைநாட்டில், வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து “கிளம்புங்கள்” என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அதற்குக் காப்பி இருக்கிறது. முதல் காப்பி வரவேற்க, இரண்டாவது பேச. மூன்றாவது வந்துவிட்டால் தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அது வருவதற்கு முன் எழுந்து போவதும் பெரிய அவமரியாதை. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் அரசருக்கும் பிரதமருக்கும் தெரியும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

பெரிய போரின் இரண்டாவது குளிர்காலம் அது. ஆஸ்திரியர்கள் கணவாயை அடைத்துவிட்டதால் ஊரில் மாவு இல்லை. நான் அரசர் ரதோமிருக்கு மெய்க்காவல் அதிகாரி. உடுப்பில் பொன் பொத்தான்கள் மின்னும். வீட்டில் தவிட்டுக் கஞ்சி. என் மகள் மிலிட்சாவுக்குக் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. 

கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மாவு மூட்டைகளோடு நின்றது. பிரான்சின் பக்கம்தான் நிற்போம் என்று அரசரும் பிரதமரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மூட்டைகள் இறங்கும். பேச வரும் பிரெஞ்சுத் தூதர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் கப்பலும் கிளம்பிவிடும்.

சேர்ந்து போட வேண்டும் என்பதில்தான் வினையே.

“இந்த லாசர் என் நாற்காலிய வித்துட்டுக் குடியரசு கொண்டுவரப் பாக்குறான், ஸ்டேவோ” என்பார் அரசர்.

பிரதமர் லாசரைக் கேட்டால், “மகாராணியோட சித்தி ஆஸ்திரியாக்காரன் ஊரு வியன்னாவுல இருக்காங்க. இங்க அரண்மனையில யாராச்சும் தும்மினா அங்க ‘நூறு’ன்னு சொல்றாங்கய்யா” என்பார். அரசர் அவர் பதவியைப் பிடுங்கவும் வழியில்லை. இளவரசருக்கு ஞானத்தகப்பன் லாசர்தான். அந்த உறவை முறித்தால் ஏழு தலைமுறைக்குப் பாவம்.

தூதர் துய்வால் வந்தார். பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் இங்கேயே வருஷக்கணக்காக இருந்து, எங்கள் தொப்பியைப் போட்டு, எங்கள் பழக்கங்களை எங்களைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பவர். அரசரும் பிரதமரும் ஒரே சோபாவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தனியாக விட்டால் மற்றவர் தூதரின் காதைக் கடித்துவிடுவார் என்று இருவருக்கும் பயம்.

அரண்மனைக் காப்பி வந்தது. தூதர் குடித்தார்.

“இது அரசாங்க விவகாரம். வரவேற்க வேண்டியவன் நான்” என்று சொல்லிப் பிரதமர் கையைத் தட்டினார். நடைக்கூடத்தில் காத்திருந்த அவருடைய சொந்தக் காப்பிக்காரன், சொந்தக் கொட்டையில் போட்ட காப்பியோடு உள்ளே வந்தான். மாவுக்கு வழியில்லாத ஊரில் கொட்டை ஏது என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு மூட்டை பதுக்கியிருந்தார்கள். தூதர் அதையும் குடித்தார். நெற்றி லேசாகச் சுருங்கியது.

அரசருக்கு மூக்கு சிவந்துவிட்டது. “வரவேற்பெல்லாம் போதும், பேச்சுக்கு வருவோம். கொண்டுவாப்பா அடுத்த காப்பிய!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பலமாக இருமினேன்.

“இருமறதா இருந்தா வெளிய போய் இருமு, ஸ்டேவோ.”

மூன்றாவது கோப்பை தூதர் முன்னால் உட்கார்ந்தது. அவர் முகம் வெளிறியது. மண்டி வரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். “புரிஞ்சுதுங்க மகாராஜா. வாயால சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.” தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

“நீதான்யா தொரத்துன!” என்றார் அரசர்.

“மூணாவது உங்க காப்பி!”

“எனக்கு அது ரெண்டாவது!”

“உங்களுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. குடிச்ச மனுஷன் வயித்துக்கு எத்தனை?”

எனக்குப் பொறுக்கவில்லை. “எண்ணிக்கிட்டே இருங்க ரெண்டு பேரும்! கப்பல் போயிரும்! எம்பொண்ணு தவிடு திங்கிறாய்யா, தவிடு!” என்று கத்திவிட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அனுப்பப்பட்ட விருந்தாளியைத் திரும்ப அழைக்க, வீட்டுக்காரரே போய்ப் புதிதாக வரவேற்புக் காப்பி ஊற்ற வேண்டும். வீட்டுக்காரர் யார் என்று மறுபடி ஆரம்பிப்பதற்குள், அடுப்பில் காப்பியோடு இருந்த செம்புக் குவளையை எடுத்து இருவர் கையிலும் திணித்தேன். அதற்கு நீளமான கைப்பிடி இருந்தது கடவுள் புண்ணியம். ஒரே பிடியை இருவரும் பிடித்துக்கொண்டு பனியில் ஓடினார்கள். ஒருவர் வழுக்கினால் இன்னொருவர், “விட்ராதய்யா, விட்ராத!” என்று அலறினார். கோப்பையோடு நான் பின்னால் ஓடினேன்.

வளைவில் தூதரின் வண்டியைப் பிடித்தோம். இருவரும் சேர்ந்து ஊற்றியதில் பாதி தூதரின் பூட்ஸில் விழுந்தது, மீதி கோப்பையில்.

தூதர் சந்தேகமாகப் பார்த்தார். “இது நாலாவதா, ஒண்ணாவதா?”

“ஒண்ணாவது!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். என் வேலைக்காலத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

தூதர் திரும்பி வந்தார். இரண்டாவது காப்பியையும் இருவரும் சேர்ந்தே ஊற்றினார்கள். கையெழுத்தாயிற்று. மாவு இறங்கியது. மிலிட்சா ரொட்டியை விக்க விக்கத் தின்றாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கப்பல் புறப்பட வேண்டும். தூதருக்கு யாராவது மூன்றாவது காப்பி கொடுக்க வேண்டுமே!

“நான் குடுத்தா, ராணியோட சித்திக்காகப் பிரெஞ்சுக்காரர வெரட்டிட்டேன்னு அவன் தண்டோரா போடுவான்” என்றார் அரசர். “நான் குடுத்தா எனக்குத் துரோகிப் பட்டம்” என்றார் பிரதமர். சேர்ந்து கொடுக்கலாமே என்றேன். கடைசி நொடியில் மற்றவர் கைப்பிடியை விட்டுவிடுவார் என்று இருவருமே என்னிடம் தனித்தனியாக ரகசியம் சொன்னார்கள்.

கப்பல் தூதர் இல்லாமல் போயிற்று. தூதர் அரண்மனை நாற்காலியிலேயே, மடியில் தொப்பியோடு, தயாராக உட்கார்ந்திருந்தார். எந்தக் காப்பி கொடுத்தாலும் அது மூன்றாவதாகிவிடும் என்பதால் அவருக்கு மூலிகைக் கஷாயம்தான். எங்கள் உறவைக் காக்கத் தங்கள் ஆள் அங்கேயே தவம் கிடக்கிறார் என்று பாரிஸில் புல்லரித்துப்போய், மாதாமாதம் கப்பல் அனுப்பினார்கள். மாவும், அவருக்குக் கம்பளிக் காலுறையும்.

வசந்தத்தில் ஒருநாள் தூதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஸ்டேவோ, ஒரே ஒரு சின்னக் கோப்பை. நீயே போட்டுக் குடு. என் பொண்டாட்டிக்கு என் மொகமே மறந்திருக்கும்யா.”

பாவமாகத்தான் இருந்தது. அதே நேரம் பார்த்து, சமையலறையில் கொட்டை வறுக்கும் வாசனை மூக்கைத் துளைத்தது.

“கொட்டை தீந்துபோச்சுங்க” என்றேன்.

அவர் ஒருமுறை மூச்சை இழுத்து வாசனை பிடித்தார். என்னையே பார்த்தார்.

“உம் பொண்ணு எப்படி இருக்கா?”

“கன்னத்துல சதை வச்சிருக்குங்க.”

மடியில் இருந்த தொப்பியை எடுத்துச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்.

“சரி, கஷாயமே கொண்டா” என்றார்.