ஐம்பது லட்சம் என்று சொன்னவர்கள்

ஒசாகாவில் நாங்கள் நாற்பது பேர் ஆறு வருடம் உழைத்து உருவாக்கிய வீடியோ கேம் முப்பது லட்சம் பிரதிகள் விற்றது. அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து செகாவா என்ற அதிகாரி வந்தார்.

“அம்பது லட்சம் எதிர்பார்த்தோம். நஷ்டம்தான். இந்த மாசத்தோட உங்க பிரிவை மூடறோம்.”

“அம்பது விக்கும்னு யார் சார் சொன்னது? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார் எங்கள் இயக்குநர் குராமோச்சி.

“பங்குதாரர்களுக்கு நாங்க சொன்ன கணக்கு அது.”

குராமோச்சி எங்கள் பக்கம் திரும்பி, இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

“நீங்க ஏன் சார் குனியறீங்க? நிமிருங்க!” என்று ஓவியர் மினெகோ அழுதாள்.

அவர் நெடுநேரம் நிமிரவே இல்லை.

மினெகோ இப்போது கல்யாண அழைப்பிதழ்களுக்குப் படம் வரைகிறாள். குராமோச்சி எங்கள் யாருடைய போனையும் எடுப்பதில்லை.