சோப்புப் புகைபோக்கி வைத்த கப்பல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் மதினி வீரலட்சுமி ராமேஸ்வரத்து லாட்ஜ் அறையில் சொட்டச் சொட்ட நனைந்து, பல் தந்தியடிக்க நின்றதால் கிடைத்தது.

எங்கள் அய்யாவுக்குத் திதி கொடுக்கப் போயிருந்தோம். கடலில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்தையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கினோம். அண்ணன் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார். உடை மாற்ற நாங்கள் அறைக்கு ஓடிவந்தால், கட்டில் நடுவில் ஒரு யானை. வெள்ளைத் துண்டில் மடித்த யானை. நாலு கால், இரண்டு காது, நீட்டிய தும்பிக்கை. நான் கையை நீட்டினேன்.

"ஏய், தொடாத! பிள்ளையாரை அவுத்தா துவட்டுவாக?"

"மதினி, அது துண்டு."

"துண்டாத்தான் இருந்துச்சு. இப்ப இல்லைல?"

சொன்னதோடு விடவில்லை. கோயில் குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்து, ஈரச்சேலையோடு தோப்புக்கரணமும் போட்டாள். நான் வேறு துண்டு கேட்டு வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே நின்றவர்தான் நுஃமான். கீழக்கரைக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது, அந்த லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர், யானையை மடித்தவர்.

"இங்கயும் பிள்ளையாரா?" என்றார் என் முகத்தைப் பார்த்ததுமே. குரலில் அப்படி ஒரு சலிப்பு.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

"கடல் அமைதியாக இருந்தது. நுஃமானின் மனம் மட்டும்—"

அடித்துவிட்டேன். கடற்கரைக் கதை எழுதுகிற எல்லாருக்கும் கடல் அமைதியாகவும் மனம் கொந்தளிப்பாகவும்தான் இருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"கீழக்கரை ஆண்களுக்குக் கடல் என்பது வெறும் நீரல்ல, அது—"

இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டி வாசம் அடிக்கிறது.

நின்றது இதுதான்: நுஃமான் இளவயதில் முதன்முதலாக வேலைக்கு ஏறிய கப்பலின் பெயர் மரினெல்லா. சரக்குக் கப்பல் இல்லை, பணக்காரர்கள் ஊர் சுற்றும் உல்லாசக் கப்பல். அவருக்குப் படுக்கை விரிக்கும் வேலை, குளியலறை கழுவும் வேலை. மாலையில் பயணிகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு கட்டிலிலும் துண்டால் ஒரு மிருகம் மடித்து வைக்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் "ஆ!" என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க நுஃமான் வேண்டுமென்றே பக்கத்து அறை வாசலில் நின்றுகொண்டிருப்பாராம்.

(வேலை இல்லாமல் செய்த வேலையா என்று கேட்டேன். "வேலை முடியாமத்தாங்க்கா அதையும் செஞ்சோம்" என்றார்.)

3

அவருக்குக் கிடைத்த அறை கப்பலின் அடியில், கடல்மட்டத்துக்கும் கீழே. ஜன்னல் கிடையாது. இரண்டடுக்குக் கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின். போன புதிதில் ஓயாத வாந்தி. உம்மாவின் நினைப்பு வந்து, போர்வைக்குள் ஓசைப்படாமல் அழுதிருக்கிறார். மேல்கட்டிலில் படுப்பவன் ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ்காரன். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், நுஃமானின் கட்டிலில் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. மிருகமெல்லாம் காசு கொடுத்து வந்தவர்களுக்குத்தான். வேலைக்காரனுக்கு யார் மடித்து வைப்பார்கள்?

நுஃமான் அதைக் கலைக்கவில்லை, மனசு வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் சுருண்டு படுத்துத் தூங்கினார். காலையில் குளித்துவிட்டுச் சட்டையால் துவட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்து ரோமெல் விழுந்து விழுந்து சிரித்தானாம். தும்பிக்கையைப் பிடித்து யானையை ஒரே உதறு உதறினான். அந்தத் துண்டை நுஃமானின் தலையில் போட்டுத் தன் கையாலேயே பரபரவென்று துவட்டிவிட்டான்.

"எங்க உம்மாவுக்கு அப்புறம் என் தலையைத் துவட்டுனது அவந்தாங்க்கா."

இந்த இடத்தில் நுஃமானின் கண்கள் கலங்கின என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவர் கையைத் தூக்கினார். "நான் எப்பக்கா அழுதேன்? நீங்கதான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தீங்க." சரி, கலங்கியது என் கண்தான். திருத்தியாயிற்று.

அதற்குப் பிறகு அவர் எத்தனையோ கப்பல்களில் வேலை பார்த்தார், எல்லாம் மரினெல்லாவைவிடப் பெரியவை. அவற்றின் பெயரைக் கேட்டால் நெற்றியைத் தேய்க்கிறார். மரினெல்லா என்றால் மட்டும் எந்தப் படியில் எந்த ஆணி தூக்கிக்கொண்டிருந்தது என்பதுவரை சொல்கிறார். லாட்ஜில் தங்கும் நாட்களில் தண்ணீர் மோட்டாரை ஒட்டிய அறையில்தான் படுப்பார். தரை லேசாக அதிர்ந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

4

லாட்ஜ் முதலாளி வேல்ராஜ் உச்சிப்புளிக்காரர், நல்ல மனிதர்தான். கப்பலை விட்டு நுஃமான் இங்கே வேலைக்குச் சேர்ந்து மடித்த முதல் யானையைப் பார்த்ததும் பூரித்துப்போய் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார். வினை பிறகுதான் வந்தது. அறைக்கு அறை ஜனங்கள் ஈரத்தோடு நின்றுகொண்டு இன்னொரு துண்டு கேட்டார்கள். யானை நெற்றியில் குங்குமம், காலடியில் வாழைப்பழம். துணி வெளுக்கிற முருகேஸ்வரி தினமும் சண்டைக்கு வந்தாள்.

"வெள்ளைத் துணியில ஏறுன குங்குமத்தை எந்தச் சாமி வந்து எடுக்கும்? நீங்களே சொல்லுங்க பாய்!"

யானை வேண்டாம், வேறு ஏதாவது மடியுங்கள் என்றார் வேல்ராஜ். நுஃமான் அன்னம் மடித்தார். அது சரஸ்வதியுடையது என்று ஓர் ஆசிரியை தொட மறுத்துவிட்டார். குரங்கு மடித்துத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டார். ராமேஸ்வரத்தில் குரங்கு! கேட்கவா வேண்டும், ஒரு குடும்பம் வடைமாலைக்கே ஆள் அனுப்பியது. ஆமை மடித்தால் அவதாரம். எலியை எவன் கும்பிடப் போகிறான் என்று எலி மடித்தார். "வாகனம் வந்துருச்சு, மேல உக்கார்றவரு எங்க?" என்று ரிசப்ஷனுக்கு போன் வந்தது.*

* நண்டு மடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம், ஒரு குழந்தை பயந்து வீறிட்டது. நண்டுக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் உண்டு என்கிறாள் மதினி. ஆக அதுவும் போச்சு.

இது போதாதென்று ஊரில் மச்சினன் ரிஃபாயின் கிண்டல். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, "என்ன மச்சான், ராமேஸ்வரத்துல பிள்ளையார் செய்றீங்களாமே?" என்றான்.

"நான் துண்டைத்தாண்டா மடிக்கிறேன். எந் நிய்யத்து, மனசுல நெனைக்கிறது, துண்டுதான். அவுக நிய்யத்து அவுக பாடு," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார் நுஃமான். ஆனாலும் அது உள்ளே கிடந்து உறுத்தியது.

கடைசியாக வேல்ராஜ் கூப்பிட்டுச் சொன்னார்: "தை அமாவாசை வரைக்கும் பாப்பம் பாய். அன்னைக்கி எல்லா ரூமும் ஃபுல்லு. ஒரு துண்டு குங்குமத்தோட வந்தாலும் சரி, துவட்டாமத் திரும்பி வந்தாலும் சரி, மடிக்கிறதை நிறுத்திருவம். தட்டையா வெச்சுட்டுப் போயிருங்க."

வேல்ராஜுக்கு அது துண்டு விஷயம். நுஃமானுக்கு மரினெல்லாவிலிருந்து கையோடு வந்து மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டால் அந்தக் கப்பலில் தான் இருந்தோம் என்பதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை.

5

அந்த நேரம் பார்த்துத்தான், பழைய கப்பல் ஆட்களின் வாட்ஸப் குழுவில் ரோமெல் ஒரு செய்தி போட்டான். மரினெல்லாவை உடைக்க விற்றுவிட்டார்கள். குஜராத் பக்கம் ஒரு கடற்கரை. அமாவாசைக்குக் கடல் ஏறும்போது கப்பலை முழுவேகத்தில் ஓட்டிவந்து மணலில் ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் வெட்டத் தொடங்குவார்கள். நாள் தை அமாவாசை.

(வாசகரே, உங்கள் புருவம் உயர்வது தெரிகிறது. அதெப்படி இரண்டும் ஒரே நாளில்? கதைக்காக நான் இழுத்துக் கட்டவில்லை. போனவர்களுக்கு நீர் இறைக்கவும் கடல் பெருகவும் அமாவாசைதான் நாள். சந்தேகமிருந்தால் சந்திரனைக் கேளுங்கள்.)

நுஃமான் கீழக்கரையிலிருக்கும் மனைவி சாலிஹாவுக்கு போன் போட்டார்.

"மரினெல்லாவை வெட்டப் போறாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! எஞ்சக்களத்தி ஒழிஞ்சா," என்று சிரித்தாள் சாலிஹா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கப்பல் பெருமையைக் கேட்டுச் சலித்தவள். நுஃமான் கூடச்சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றது.

"மச்சான்... சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"போயி மொதல்ல சாப்பிடுங்க. ஒரு உசுரு மவுத்தான வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல இருந்து சோறு வரும். ஒங்களுக்கு அங்கன யாரு கொண்டாந்து தருவா?"

சாலிஹாவைக் கதைக்குள் எதற்கென்று கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இந்த ஒரு வரிக்குத்தான் போலிருக்கிறது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நுஃமான் ரயிலேறி குஜராத் போகிறார். கப்பல் மணலேறும்போது தனியாக நின்று கையசைக்கிறார். பக்கம் பக்கமாக எழுதினேன், அருமையாக வந்தது, காற்றெல்லாம் வீசியது. போன் செய்து அவரிடமே சொன்னேன். "அமாவாசைக்கு எனக்கு யாருக்கா லீவு குடுப்பா?" என்றார். அத்தனை பக்கமும் குப்பைக்குப் போனது.

இன்னொன்றில், அமாவாசையன்று நுஃமான் துண்டுகளைத் தட்டையாக வைத்துவிட்டு—

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவதை நான் எழுதவில்லை, அவரே செய்தார். அமாவாசை காலை. ஜனங்களெல்லாம் கடலுக்குப் போயிருந்தார்கள். நுஃமான் ஓர் அறைக்குள் போய்ப் பெரிய துண்டைக் கட்டிலில் விரித்தார். இரண்டு பக்கத்தையும் நடுவை நோக்கிச் சுருட்டினார், யானைக்குச் சுருட்டுவதுபோலத்தான். ஆனால் காலாக மடிக்காமல் ஒரு முனையை மட்டும் நிமிர்த்தினார். கப்பலின் முன்மூக்கு, அணியம் வந்தது. சின்னத் துண்டை அடுக்கடுக்காக மடித்து மேலே வைத்தார், தளங்கள் வந்தன. லாட்ஜ் கொடுக்கும் குட்டி சோப்பை எடுத்து நட்டமாக நிறுத்தினார். புகைபோக்கி.

முருகேஸ்வரி அழுக்குத் துணி மூட்டையோடு எட்டிப் பார்த்தாள். "இது எந்தச் சாமி பாய்?"

"சாமியெல்லாம் இல்ல முருகேசு. நான் மொத மொத ஏறுன கப்பலு."

அவள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "அம்மாடி! இம்புட்டு அழகா இருந்தா எவளுக்குக் கலைக்க மனசு வரும்?"

நுஃமானுக்கும் அதுதான் பயம். கலைக்காமல் விட்டால் நாளையிலிருந்து தட்டைத் துண்டு. கலைத்தாலோ, அங்கே மணலில் ஏறிக்கொண்டிருக்கும் கப்பல் இங்கேயும் ஒருமுறை உடைவதைப் பார்க்க வேண்டும். சோப்பைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். தலையைப் பரபரவென்று துவட்டிய ரோமெலின் கை நினைவுக்கு வந்தது. பிறகு அவர் யோசிக்கவில்லை. அறை அறையாகப் போய் ஒவ்வொரு கட்டிலிலும் மரினெல்லாவை நிறுத்தினார்.

7

முதலில் எந்த அறை திறந்தது, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுத மதினியைத்தான் அழைத்தேன். "நான் வந்தா அதுக்கும் பொட்டு வெப்பேன். என்னை நம்பாத," என்று சொல்லிவிட்டாள். மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான். வாருங்கள்.

தீர்த்தமாடிவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். யாருக்காக நீர் இறைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. தலையிலிருந்து சொட்டுகிறது, காலடியில் தரை நனைந்துவிட்டது, குளிருகிறது. கட்டில் நடுவில் ஒரு வெள்ளைக் கப்பல். கதவைப் பாதிதான் சாத்தியிருக்கிறீர்கள். வெளியே வராந்தாவில் ஒருவர் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வேறு துண்டு கேட்டீர்களானால் கொடுத்துவிடுவார். முகம் சுளிக்கவும் மாட்டார், அது அவர் வேலை.

சோப்பை எடுத்து ஓரமாக வையுங்கள். இல்லை, வைக்காதீர்கள், உங்கள் இஷ்டம். எழுதுகிறவள் பேச்சை ஈரத்தலை கேட்குமா என்ன? கலைப்பதானால் அணியத்தைப் பிடித்து ஒரே உதறாக உதறுங்கள். சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கட்டும்.