ஆறாம் நம்பர் மட்டையின் தூரம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே கறி எடுத்து, குழம்பு வைத்து, சாப்பிட்டுப் படுக்கும். நான் மட்டும் வற்றிப்போன ஏரிக்குள் நின்று, என் வீட்டுக்காரர் அடித்த பந்து எத்தனை கெஜம் போயிருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். நான் வாங்கி வந்த வரம் அப்படி.

என் வீட்டுக்காரர் நந்தகுமார் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். ஃபியூஸ் கட்டை, பொம்மை என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்த பட்டறை, சீனாச் சரக்கு வந்த பிறகு படுத்துவிட்டது. சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் கம்பெனிக்கு மாதாமாதம் டீக் கோப்பை செய்துகொடுக்கும் ஆர்டர் ஒன்று பேச்சில் இருந்தது. கிடைத்தால் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் பட்டறையை விற்றுவிட்டு, ஸ்ரீமுஷ்ணத்தில் என் அண்ணன் ராஜ்மோகனின் சிமெண்ட் கடைக்கு இவர் வேலைக்குப் போக வேண்டும். மச்சானிடம் கைகட்டி நிற்பதை இவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. என்னாலும்தான்.

ஆர்டர் தர வேண்டிய அதிகாரி தெய்வநாயகம் சனிக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடுகிறவர். போனில் பேசும்போது, "நீங்க ஆடுவீங்களா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். இவர், "ஆடுவேன் சார்" என்று அடித்துவிட்டார். "அப்ப அடுத்த மாசம் குடும்பத்தோட வாங்க, ஆடிக்கிட்டே பேசி முடிச்சிடலாம்" என்று அவர் சொல்லிவிட்டார். அதுவரை இவர் பிடித்த ஒரே மட்டை கிட்டிப்புள் குச்சிதான்.

யாரோ கழித்துக்கட்டிய பழைய மட்டைகளைப் பையோடு வாங்கிவந்தார். மட்டைக்கு மட்டை ஒரு நம்பர். நம்பர் கூடக் கூடப் பந்து போகும் தூரம் குறையுமாம். எதில் அடித்தால் எவ்வளவு போகும் என்பது ஆடுகிறவனுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஏரி, இந்த வெயில், இந்த அளவு டேப், நான்.

ஆறாம் நம்பர் மட்டையால் அடித்தார். ஒரு பந்து ஜோராகப் பறந்தது. அடுத்தது தரையோடு ஊர்ந்தது. அதற்கடுத்தது பக்கவாட்டில் திரும்பிக் கருவேல முள்ளுக்குள் போனது.

"மொதோ பந்து நூத்தம்பது கெஜம் வருதுங்க. மத்ததையும் அளக்கட்டா?"

"அதெல்லாம் எதுக்கு கயலு? தப்பா பட்டது, வுட்டுடு."

"முக்காவாசி தப்பாத்தான படுது?"

"சூளைய தொறந்தா வெடிச்சதையா எண்ணுறோம்? நல்லதத்தான எண்ணுறோம்?"

எங்கள் பட்டறையில் மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். சூளையைத் திறந்ததும் வெடித்ததையெல்லாம் ஓரமாகத் தள்ளி, கோணிச் சாக்கு போட்டு மூடிவிட்டுத்தான் எண்ணவே தொடங்குவார்கள். வெடித்ததை எண்ணினால் அடுத்த சூளையும் வெடிக்குமாம். இவரும் நன்றாக அமைந்த சூளையை மனத்தில் வைத்தே வியாபாரிகளுக்கு வாக்குக் கொடுப்பார். சொன்னபடி சரக்கு போகாது. அப்படியே ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"வெடிச்சதும் நம்ம மண்ணுதாங்க. அதையும் சேத்து எண்ணிப் பழகுங்க" என்றேன். எத்தனையாவது முறையோ தெரியாது. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அவர் மட்டைப் பிடியில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் நூற்றைம்பது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

சென்னைக்கு நானும் போனேன். கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்ததும் ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் ஞாபகம்தான் வந்தது. தெய்வநாயகம் தங்கமான மனிதர். இவர் பந்தை அங்கும் இங்கும் சிதறடித்தபோதும் ஒரு வார்த்தை சொல்லாமல் கூடவே நடந்தார். கடைசியில் ஒரு குளம் குறுக்கே வந்தது.

"அக்கரைக்கு நூத்திநாப்பது கெஜம் இருக்கும். இன்னும் கொஞ்சம் தூரம் போற மட்டையா எடுங்களேன்" என்றார்.

இவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். "ஆறாம் நம்பரே போதும் சார். நூத்தம்பது போவும்."

பந்து நடுக்குளத்தில் விழுந்தது. இன்னொன்று வைத்து அடித்தார். அதுவும் தண்ணீருக்குள் போனது. மூன்றாவதை வைக்கக் குனிந்தவர், வைக்காமல் நிமிர்ந்துவிட்டார்.

"விளையாட்டு கிடக்கட்டும், வாங்க" என்று தெய்வநாயகம் எங்களை நிழலில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். "மாசம் பத்தாயிரம் கோப்பை வேணும் நந்தகுமார். ஒரு மாசம்கூடக் குறையக் கூடாது. முடியுமா?"

முடியும் சார் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். ஆர்டர் கைக்கு வந்தால் போதும், பிறகு ராப்பகலாக உழைத்து எப்படியாவது ஈடுகட்டலாம். எங்கள் ஊர்ச் சாமி கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டேன். இவர் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சூளையா அமைஞ்சா பத்தாயிரம் வரும் சார். வெடிக்கிறதையும் சேத்துப் பாத்தா ஆறாயிரம்தான். அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்."

தெய்வநாயகம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "உள்ளதைச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா ஆறாயிரம் எங்களுக்குப் பத்தாதே" என்றார். எழுந்து வாசல்வரை வந்து, மரியாதையாக வழியனுப்பினார்.

பஸ்ஸில் தாம்பரம் தாண்டும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷமாக உண்மையை எண்ணச் சொல்லி உயிரை விட்டவள் நான்தான். அது இன்றைக்கா இவருக்கு ஏற வேண்டும்?

"ஏங்க, இந்த ஒரு எடத்துல மட்டும் ஒரு பொய் சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். செங்கல்பட்டு தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். பல மாதங்களுக்குப் பிறகு, குழந்தை மாதிரி அசந்து தூங்கினார். அண்ணனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு, அவர் தலை சரியாமல் பிடித்தபடி உளுந்தூர்பேட்டைவரை நான்தான் விழித்திருந்தேன்.