லேப்டாப்புக்குள் இருந்த கல்யாணங்கள்

நஸீஹாவின் தையலறைக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் யாரும் வருவதில்லை. வந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பது ஸ்ஃபாக்ஸ் நகரில் அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் தெரிந்துபோயிருந்தது.

வீட்டில் ஏசி இருந்தது அந்த ஒரு அறையில்தான். அதனால் வெட்டுமேசையின் ஒரு பாதியில் அவளுடைய துணி, மறுபாதியில் அவள் கணவன் லம்ஜத்தின் லேப்டாப். மகன் ஸ்கந்தர் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போனபோது விட்டுவிட்டுப் போனது. வீடியோ கேமுக்கென்றே செய்தது, செங்கல் கனம் கனக்கும். லம்ஜத் அதில் ஒரு ஸ்டியரிங்கை மாட்டிக்கொண்டு லாரி ஓட்டுவான்.

இருபத்தெட்டு வருடம் ஸ்ஃபாக்ஸுக்கும் தலைநகர் தூனிஸுக்கும் இடையில் பஸ் ஓட்டியவன் அவன். போன வருடம் வழியில் எல் ஜெம் என்ற ஊரில் வண்டியை நிறுத்தப்போன நேரத்தில் மயங்கி ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டான். பஸ் ஒரு கம்பத்தில் மோதி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மருத்துவமனையில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள், அதிகாரிகள் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு ஆறு மாதம் அவன் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். ஸ்கந்தர்தான் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அந்த விளையாட்டை அவனுக்குப் பழக்கினான். பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பழைய டிரைவர்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளிதோறும் கூஸ்கூஸ் சாப்பிட்ட கையோடு, ஐந்து பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே சாலையில் வரிசையாக லாரி ஓட்டுவார்கள். வாய் ஓயாமல் வம்பு பேசுவார்கள்.

நஸீஹாவுக்கு அதில் சந்தோஷம்தான், லேப்டாப்பின் அந்த விசிறிச் சத்தம் மட்டும் இல்லாதிருந்தால்.

குளிர்காலத்தில் முணுமுணுப்பாக இருந்தது, வசந்தத்தில் சீறலானது. ஜூலையில், கல்யாண சீசன் உச்சத்தில், மேசைமேல் ஒருவர் ஓயாமல் ஹேர் டிரையரால் தலை உலர்த்திக்கொண்டிருப்பது போல இரைந்தது. கையை வைத்தால் சுட்டது.

"லம்ஜத், டேய், உன் ரேடியேட்டர் சத்தம் என் வீட்டு வரைக்கும் கேக்குதுடா!" என்று ஹெட்ஃபோனில் அந்த நால்வரில் ஒருவனான பஷீர் கத்துவது அவளுக்கே கேட்கும்.

"உன் குறட்டை அளவுக்கு இல்லடா. நீ முன்னாடி பாத்து ஓட்டு."

"தண்ணி ஊத்துடா, கொதிக்குது! உன் வண்டி எப்பவுமே இப்படித்தான்."

ஒரு நாள் மணப்பெண்ணின் தாய் ஃபௌசியா தொலைபேசியில் மகளின் இடுப்பளவைச் சொன்னாள். எழுபது சென்டிமீட்டர் என்று அவள் சொன்னது, அந்த இரைச்சலில் நஸீஹாவின் காதில் அறுபது என்று விழுந்தது. வெள்ளை சாட்டினை அறுபதுக்கே வெட்டிவிட்டாள். பெண் வந்து போட்டுப் பார்த்தபோது பின்பக்கம் அரைச் சாண் இடைவெளி.

"நஸீஹாக்கா, என் பொண்ணு என்ன குளவியா?" என்று ஃபௌசியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

அவர்கள் போனதும் நஸீஹா கத்தரிக்கோலை மேசையில் போட்டாள். "இங்க பாரு லம்ஜத். இந்த ரூம்ல இனி அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ஹால்ல நாப்பது டிகிரி நஸீஹா. அது அங்க அஞ்சு நிமிஷம் தாங்காது."

"அப்ப நான் ஹால்ல உக்காந்து தைக்கிறேன். வேர்வையில சாட்டின் கறை ஆகட்டும். பொண்ணு வீட்டுக்காரிகிட்ட நீ பதில் சொல்லு."

அவன், மேசையில் சூட்டுத் தழும்பு விழக்கூடாது என்று அவளே கொடுத்திருந்த இஸ்திரிக் கம்பளியின் மேல் லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அது நடந்தது. ஐந்து லாரிகளும் ஒரு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தன. விசிறி உச்சத்தில் அலறியது. அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அலறல் நின்றது. நிம்மதியாக நிமிர்ந்தவள் லம்ஜத்தைப் பார்த்தாள். திரை கறுத்துக் கிடந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்கும் அடிபடலையே?" என்றான்.

போன வருடம் மருத்துவமனையில் கண் விழித்ததும் அவளிடம் அவன் கேட்ட முதல் வார்த்தையும் அதுதான். இதே குரலில்தான் கேட்டான்.

மறுகணமே அவனுக்குத் தன்னினைவு வந்தது. சிரிக்கப் பார்த்தான். "சூடாகி அணைஞ்சுபோச்சு. பைத்தியம் மாதிரி கேக்கிறேன் பாரு."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு லேப்டாப் தானாக அணைவது வாடிக்கையானது. கால் மணி நேரம், பத்து நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். லம்ஜத் அதைக் கடைத்தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரன் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றானாம். லம்ஜத் அதைத் திரும்பக் கொண்டுவந்து அலமாரிக்கு மேல், குளிர்காலப் போர்வைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். பஷீர் கூப்பிட்டபோது தலைவலி என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரமும் தலைவலிதான்.

தையலறையில் எறும்பு ஊர்ந்தால் கேட்கும் அமைதி. முதல் வாரம் நஸீஹா அதைச் சர்க்கரைபோல் சுவைத்தாள். இரண்டாம் வாரம் ஒரு மதியம், சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கணவனின் முதுகைப் பார்த்தாள். ஆறு மாதம் பார்த்துப் பழகிய முதுகு அது.

மறுநாள் காலை அவன் மீன் வாங்கப் போனதும், நாற்காலி போட்டு ஏறி லேப்டாப்பை இறக்கினாள். ஸ்கந்தருக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, நீயா பிரிக்கப் போற? வேணாம்மா."

"பத்தொம்பது வருஷமா ஓவர்லாக் மெஷினைப் பிரிச்சுக் கோக்குறேன். இதுல என்ன ஊசியா உடையும்? எந்த ஸ்க்ரூ முதல்ல, அதை மட்டும் சொல்லு."

பதினோரு திருகாணிகள். எது எங்கிருந்து வந்தது என்று மறக்காமலிருக்க, வெட்டுக் காகிதத்தில் லேப்டாப்பின் வடிவை வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தாள். அடிமூடி வர மறுத்தது. சட்டைக் காலருக்குள் வைத்துத் தைக்கும் பிளாஸ்டிக் பட்டையை விளிம்பில் நுழைத்து நெம்பினாள். டிக், டிக் என்று சுற்றிலும் விட்டுக்கொடுத்தது.

"முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டும்மா. கறுப்பு, சிவப்பு ஒயர்கள் சேர்ந்து வருதே, அது. ஆ, அதான். இப்ப ஃபேனைத் தூக்கு."

விசிறியைத் தூக்கினாள். அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், காற்று வெளியே போக வேண்டிய வழி முழுவதும், பஞ்சு கெட்டித்து ஒரு பட்டைபோல் அடைத்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கிழியாமல் அப்படியே வந்தது, விரல் கனத்துக்கு.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் கரும்பச்சை. ஜனவரியில் மருதாணி விருந்துக்குத் தைத்த வெல்வெட் அது. வெட்ட வெட்ட உதிர்ந்து மூக்கெல்லாம் பச்சையாகும். அதன்மேல் ரோஜா நிறம், ஏப்ரலில் ஏழு தோழிப்பெண்களுக்குத் தைத்தது. மேலே வெள்ளை, வெள்ளை, வெள்ளை. இந்த வருடக் கல்யாணம் ஒன்றுகூட விடுபடவில்லை.

"என்னம்மா? பேச்சையே காணோம்?"

"ஸ்கந்தர்," என்றாள் மெதுவாக, "இதை அடைச்சது நான்தான்டா."

"தூசிதானே, எல்லா வீட்லயும்..."

"தூசி இல்ல. எல்லாம் என் துணி. நான் வெட்டினது. அது காத்து இழுக்கிற ஓட்டையெல்லாம் அடியிலதான் இருக்கு, பாத்தியா? அதுக்கடியில கம்பளியைப் போட்டு அடைச்சு வச்சதும் நான்தான். உங்கப்பாவைப் போட்டு அவ்வளவு திட்டினேன்."

ஸ்கந்தர் சிரித்தான். சிரித்தது தப்பு என்று தெரிந்ததும் இருமினான்.

ஓவர்லாக் மெஷினுக்கு வைத்திருந்த தூரிகையால் தகடுகளைத் துடைத்தாள். விசிறி சுற்றிவிடாமல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே கொடுத்து, ஒவ்வொரு இதழாகச் சுத்தம் செய்தாள். விசிறியையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டி, மூடித் திருகினாள். பதினோராவது திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது லம்ஜத் மீன் பையோடு வாசலில் நின்றான்.

"என்ன பண்ற?"

"உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பஞ்சுப் பட்டையைத் தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் விரலால் பச்சையைத் தொட்டான். "இது அந்த மருதாணி டிரஸ்ஸா? கையில ஜரிகை வச்சியே?"

"அதேதான்."

"அப்ப இதுல ஃபௌசியா பொண்ணும் இருக்காளா?"

"மேல இருக்கிற வெள்ளையில இருப்பா. அறுபது இடுப்போட."

அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மயக்கம்தான் வருகிறதோ என்று அவள் பதறி எழுந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். போன வருடத்துக்குப் பிறகு அவன் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. அவளுக்கும் பற்றிக்கொண்டது. மீன் பையிலிருந்து தரையில் சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது, இருவரும் கவனிக்கவில்லை.

"எனக்கு எப்படிப் பயமா இருந்துச்சு தெரியுமா," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதைத் தொட்டாலும் என் கையில பட்டுனு நின்னுபோகுதேன்னு."

"உன் கையில ஒண்ணும் இல்ல. பஞ்சு, அவ்வளவுதான். ஆன் பண்ணு முதல்ல, வேலை செய்யுதான்னு பாப்போம்."

வேலை செய்தது. லம்ஜத் மலைப்பாதையை எடுத்தான். முன்பு தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று சிவப்பாகக் காட்டிய வெப்ப எண் எழுபத்துமூன்றுக்குப் போய் அங்கேயே நின்றது. விசிறிச் சத்தம் இருந்தது; இல்லாமல் போகுமா? ஆனால் பக்கத்து அறையில் யாரோ குளிப்பது போல, அந்த அளவுக்குத்தான். கம்பளி போய்விட்டது. அடியில் நூல்கண்டு மரக்கட்டைகள் இரண்டைக் கொடுத்து உயர்த்தி வைத்தாள். மேசையைச் சுவரோடு சேர்த்து, அவன் இடத்தைத் துணி வெட்டும் முனையிலிருந்து எட்டடி தள்ளினாள். மாதத்துக்கு ஒரு முறை, தன் மெஷினைத் துடைக்கும் நாளிலேயே, இதையும் தூரிகையால் துடைப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்து பேரும் சேர்ந்தார்கள்.

"வந்துட்டான்டா தலைவலிக்காரன்!" என்றான் பஷீர். "இரு, என்ன சத்தத்தையே காணோம்? எஞ்சினை மாத்திட்டியா?"

"புது மெக்கானிக்."

"யாருடா? நம்பர் குடு, என் பையனோடதும் அலறிட்டிருக்கு."

லம்ஜத் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஊசியை உயர்த்தி எச்சரித்தாள்.

"குடுக்க மாட்டேன். கல்யாண சீசன், அவங்க ரொம்ப பிஸி."

ஃபௌசியா மகளின் உடையில் பின்பக்கம் முக்கோணத் துண்டு வைத்து, அதன்மேல் முத்துப் பொத்தான் வரிசையாகத் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. இதுதான் அழகு, முதலிலேயே இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவசர வேலை எதுவும் இல்லை. லாரிகள் ஆற்றங்கரைச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. யாரோ எங்கோ இடதுபக்கம் திரும்பவில்லை என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. நஸீஹா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று சோபாவில் சாய்ந்தாள்.

விழித்தபோது மணி ஐந்தரை. லம்ஜத் சரக்கை இறக்கிவிட்டிருந்தான். தர்பூசணியை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு, விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தூங்கிட்டேனா?" என்றாள்.

"ரெண்டு மணி நேரம். இந்தா, நடுத்துண்டு உனக்குத்தான் வச்சேன்."